டூட்டி என்றால் என்ன வேலை?

எனக்கு அப்போது பதினேழு வயது. அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன கோயமுத்தூர் மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு அவர் வீட்டார் சொன்னது இவ்வளவுதான்: "பையனுக்கு மில்லுல டூட்டிங்க."

அதென்ன டூட்டி? எங்கள் ஊரில் உழுகிறவன் உழுகிறான், தண்ணீர் இறைக்கிறவன் இறைக்கிறான். கண்ணால் பார்க்கலாம். டூட்டியை யார் பார்த்தது? கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தாமல் போனால் டூட்டி. போலீஸ்காரன் சந்தையில் கத்தரிக்காய்க் கூடையை எட்டி உதைத்தால் அதுவும் டூட்டி. டவுனுக்குப் போன என் பெரியப்பா மகன் தங்கை சீருக்கு வராமல் சொன்ன சாக்கும் டூட்டிதான். அன்று சாயங்காலம் அவனைச் சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போதாக்குறைக்கு, முந்தின வருஷம் வந்த மாப்பிள்ளையைத் தங்கக் கம்பி என்றார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகுதான் அவனுக்கு வேறொரு குடும்பம் இருப்பது தெரிந்தது. இன்னொரு தரம் ஏமாந்தால் ஆயுசுக்கும் அழப்போவது நான்தானே? அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "டூட்டின்னா என்னன்னு தெரியாம நான் கழுத்த நீட்ட மாட்டனுங்க."

அப்பாவுக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். எங்கள் பருத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த மில்லுக்கே போனார். சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம்.

திரும்பி வந்தவர் துண்டை உதறிக் கட்டிலில் எறிந்தார். "அந்தப் பையன் வேண்டாம். இத்தோட உட்டுப்போடுங்க."

நடந்தது இதுதான். பருத்தி விளைவிக்கிற யாருக்கும் கை சும்மா இருக்காது. ஒரு சிட்டிகை பிய்த்து, இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் இழுத்து, இழை நீளம் பார்ப்பார்கள். அப்பா எங்கள் பொதியிலிருந்து பிய்த்து, பக்கத்து வண்டிப் பருத்தியோடு ஒப்பிட்டுவிட்டு, மறதியாக மடியில் செருகிக்கொண்டார். வெளியே வரும்போது, போகிறவர்களைச் சோதிக்கக் கேட்டில் நின்றவர் மாப்பிள்ளை. அதுதான் அவர் டூட்டி.

"என்ர மடியத் தடவிப்போட்டான் கண்ணு! அத்தன பேரு முன்னால! ஒரு சிட்டிகப் பஞ்சுக்கு! அதும் நம்ம காட்டுப் பஞ்சுக்கு!"

அவமானப்பட்டு நின்ற அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மா மில்லையும் மாப்பிள்ளை குலத்தையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது.

"அவருக்கு உங்கள அடையாளம் தெரியலீங்களா?"

"தெரியாம என்ன? 'வாங்க மாமா, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா'ன்னு கேட்டுப்போட்டுத்தான மடியில கைய வெச்சான்! நம்ம பஞ்சுதான் தம்பின்னு சொன்னா, 'உள்ள வந்துபோட்டா மில்லுதுங்க மாமா, டூட்டிங்க'ங்கறான்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முறைத்தாள். கல்யாணப் பேச்சில் பெண் அப்பா முன்னால் வாய் திறக்கிற காலம் இல்லை அது. நான் திறந்தேன்.

"மாமான்னு பாத்து உட்டிருந்தா, நாளைக்கு அவர எப்படிங்க நம்பறது? எனக்கு அவரையே பேசுங்க."

அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கோயமுத்தூருக்குச் சம்மதம் சொல்லியனுப்பினார்.

கல்யாணத்துக்குப் பிறகு கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அப்பா வாசலிலேயே மடியை உதறிக் காட்டுவார். "பாத்துக்குங்க மாப்பிள்ளை, அப்பறம் உங்க டூட்டி கெட்டுப்போகும்." அவரும் சளைக்காமல் குனிந்து பார்ப்பார்.

என் சந்தேக புத்தி மட்டும் போகவே இல்லை. பால்காரி அளக்கும் முன் படியைக் கவிழ்த்துப் பார்ப்பேன். பெற்ற பிள்ளைகளின் பையைக்கூடத் துழாவியிருக்கிறேன். ஆனால் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போதுகூட அதன் பையில் கை விட்டதில்லை.