மாப்பிள்ளை காரும் இருபத்தேழு சிவப்பு ஒயரும்

வண்டியைப் பிரிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கமாட்டான், மாட்டும்போது ஊரே வந்து நின்று யோசனை சொல்லும்; ஸ்பேனர் பிடித்துப் பிழைத்த எல்லோரும் பட்ட கஷ்டம்தான் இது. ஆரணியில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த எனக்கு, எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் கழித்து வந்த வேலையில், பிரிக்கிற சுகம்கூட இல்லை. மாட்டுகிற பாடு மட்டும்தான்.

வைக்கோல் லாரியில் வந்தது

பட்டு முதலாளி வேணுகோபால் பெண்ணுக்கு வேலூரில் மாப்பிள்ளை பார்த்தார். பேச்சுவாக்கில் சம்பந்தியிடம், மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கார் தேடினார். மெட்ராஸில் ஏதோ ஒரு பழைய சாமான் கிடங்கில், இங்கிலீஷ்காரன் ஓட்டிப் போட்ட இரண்டு சீட்டு வண்டி அகப்பட்டது. வண்டி என்று அவர் சொன்னார். வைக்கோல் லாரி மேலிருந்து இறக்கினது வெறும் தகரக் கூடு. என்ஜின் இல்லை, கதவு இல்லை, ஒரு முழம் ஒயர் இல்லை. உள்ளே குனிந்து பார்த்தால் கீழே தரை தெரிந்தது.

என் கடை இருந்தது முதலாளி இடத்தில். "தையில கல்யாணம். ஓடினா நீ இங்கியே இரு. ஓடலன்னா சம்பந்தி எதிர்ல என் மானம் போவும், அதோட உன் கடையும் போவும்" என்றார். அவர் போன பிறகு, எதிர் டீக்கடைக்காரர் கூட்டைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேஸ்திரி, இது காரா, இல்ல மாட்டுக்குத் தண்ணி வெக்கிற தொட்டியா?"

பெயிண்ட் அடிக்கப் புடவை

எண்ணெய் டிரம்மை வெட்டித் தரை போட்டோம். செத்துப்போன ஒரு டாக்ஸியின் என்ஜினை உள்ளே இறக்கினோம். கதவு புதிதாக அடித்தோம். அடுத்தது பெயிண்ட். என்ன நிறம் என்று கேட்டதற்கு முதலாளி ஒரு பட்டுப்புடவையைக் கொண்டுவந்து பானெட் மேல் விரித்தார். மயில்கழுத்து. இப்படிப் பார்த்தால் நீலம், அப்படிப் பார்த்தால் பச்சை.

பெயிண்டர் சாமுவேல் பொறுமையான மனுஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். எந்தப் பக்கத்து நிறம் வேண்டும் என்று கேட்டார். முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா இது? நெடுக்க ஓடற பாவு நீலம், குறுக்க ஓடற ஊடை பச்சை. நம்ம நெசவாளி கண்ண மூடிகினு நெய்யறான், உனக்கு இன்னா பேஜாரு?" சாமுவேல் ஸ்பிரே துப்பாக்கியை நீட்டினார். "அப்போ அவரையே கூப்பிட்டு இத தறியில ஏத்தச் சொல்லுங்க மொதலாளி, நான் பின்னாலேயே வார்னிஷ் அடிச்சுக் குடுக்கறேன்."

வெறும் நீலம்தான் அடித்தோம்.

மூன்றாவது ஆள்

சீட்டு தைத்து முடித்த அன்று முதலாளி வீட்டம்மா பார்க்க வந்தார். ஒரு தரம் சுற்றி வந்தார். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். ரெண்டு பேர்தான் உட்கார முடியும் என்று பணிவாகச் சொன்னேன். ஒரு சீட்டு டிரைவருக்கு, ஒரு சீட்டு மாப்பிள்ளைக்கு. அந்தம்மா முதலாளி பக்கம் திரும்பவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "எங்க அண்ணன் தேசூர்லேந்து வராரு, பொண்ணுக்குத் தாய்மாமன். அவர நீ எங்க குந்த வெப்ப, சக்கரத்து மேலயா?"

எல்லாம் சிவப்பு

ஒயரிங் என் பங்கு. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வேலைக்கு ஒரு நிறம் என்று ஒயர் போட்டிருப்பான். எனக்குக் கிடைத்தது ஒரே சிவப்புச் சுருள். இருபத்தேழு ஒயரும் சிவப்பு. எழுதி ஒட்டலாம் என்றால், நான் படித்தது மூன்றாம் கிளாஸ். சாயப்பட்டறையில் கழிவுப் பட்டு நூல் வாங்கிவந்து, ஒவ்வொரு ஒயர் நுனியிலும் ஒரு நிறம் கட்டினேன். அரக்கு ஹெட்லைட்டுக்கு, கிளிப்பச்சை வைப்பருக்கு, கத்திரிப்பூ பிரேக் லைட்டுக்கு, மாம்பழ மஞ்சள் ஹாரனுக்கு. அட்டையில் இருபத்தேழு ஓட்டை போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் வரிசையாக இழுத்துவிட்டேன்.

பொன்னுசாமி அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முள்ளிப்பட்டுக்காரர். தறியில் பழைய பாவு தீர்ந்தால், புதுப் பாவு நூலை இழை இழையாக அதோடு பிணைக்கிறவர். முதலாளியின் தறிகளுக்கு வரும்போதெல்லாம் என் கடையில்தான் டீ. நான் சும்மா இருக்காமல், "காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் நூலுக்கு முடி போடறியே, அதெல்லாம் ஒரு வேலையாய்யா?" என்று கிண்டினேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "நீ இருவத்தேழுக்கே நாக்கக் கடிச்சிகினு கட்டறியே மேஸ்திரி, அத்த மொதல்ல பாரு."

வெட்டின நுனி

மாப்பிள்ளை அழைப்பு அன்று மத்தியானம். ஸ்விட்சுகளை மாட்டினால் வேலை முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், டேஷ்போர்டுக்கு அடியில் மழுமழுவென்று சிவப்பு ஒயர் மட்டும் நிற்கிறது. ஒரு நூல் இல்லை. பக்கத்தில் பொன்னுசாமி, கையில் சின்னக் கத்தரி.

தறியிலிருந்து புடவையை அறுத்தால், முதலாளி கண்ணில் படுமுன் நீட்டிக்கொண்டிருக்கிற நுனியையெல்லாம் வெட்டிவிடுவார்கள். முப்பது வருஷத்துக் கை அது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவர்தான் ஆறுதல் சொன்னார்: "தொங்கிகினு அசிங்கமா இருந்துச்சு மேஸ்திரி, மாப்பிள்ள காலுக்கு எதிர்லயே."

பத்தொன்பதாவது ஓட்டை

பல்பு வைத்து ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு நாள் ஆகும். மேளம் வர மூன்று மணி நேரம். கடையைக் காலி பண்ணி எங்கே போவது என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். பொன்னுசாமி கண்ணை மூடினார். "இடது கைப் பக்கத்துலேந்து சொல்லட்டுமா? அரக்கு. கிளிப்பச்சை. வெங்காயக் கலர். ராமர் பச்சை." வெட்டும்போது பார்த்தது அப்படியே மனசில் நின்றிருக்கிறது. அவர் நிறம் சொல்ல, நான் ஸ்விட்ச் மாட்டினேன். பத்தொன்பதாவதுக்குக் கத்திரிப்பூ என்றார். "மாம்பழ மஞ்சள். கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். அதை ஹாரன் ஸ்விட்சில் மாட்டினேன்; பிறகு அவர் மஞ்சள் என்று சொன்ன ஒயரைப் பிரேக்குக்குக் கொடுத்தேன். ஹாரனையும் பிரேக் லைட்டையும் அழுத்திப் பார்க்கவில்லை. மேளம் வந்துவிட்டது.

வண்டி கிளம்பியது, ஹெட்லைட் எரிந்தது, முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். தேர் முக்கில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஹாரன் அலறியது, நாயனக்காரர் பதறி ஒதுங்கினார். அப்புறம் மண்டபம் வரைக்கும் மிதிக்கிற போதெல்லாம் அலறல்தான். நான் கூட்டத்துக்குள் மறைந்து நடந்தேன். மண்டப வாசலில் சம்பந்தி, முதலாளி தோளைத் தட்டினார். "எங்க வேலூர் காரெல்லாம் சும்மா நிக்கும்ங்க. உங்க கார் சொல்லிட்டு நிக்குது, நல்ல மரியாத தெரிஞ்ச வண்டி."

முதலாளி அதை வெள்ளைக்காரன் ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டார், என் கடையும் தப்பியது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பொன்னுசாமி, இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "இருவத்தஞ்சு எனுது. மீதி ரெண்டு, கட்டினவனுது."

அதற்குப் பிறகும் அந்தக் கடையில் வருஷக்கணக்காக ஒயர் மாட்டினேன், என் ஒயரை நான் நம்பினாலும், என் வாயை நம்பினதில்லை.