என் போன் இருக்கும் இடம்

எங்கள் குடும்பத்தில் இந்தி பேசுவது அண்ணனின் வேலை. கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். சிலிண்டர் வரவில்லையா, மீட்டர்க்காரர் வாசலில் நின்று சத்தம் போடுகிறாரா, செம்பூர் ஆபீஸில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு போன். அவன் யார் யாரிடமோ பேசி முடித்துவிட்டு, "ஏட்டி, சொல்லியாச்சு, போய் வேலையப் பாரு" என்பான். எனக்கும் பஜார் இந்தி வரும். கத்தரிக்காய்க்குப் பேரம் பேச அது போதும். அதற்கு மேல் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவார்களோ என்று கூச்சம். எங்கள் சந்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு இப்படிப் பேசிக் கொடுக்க ஓர் அண்ணனோ கொழுந்தனோ உண்டு.

என் வீட்டுக்காரர் பை தைப்பவர். மேலே மிஷின், கீழே குடித்தனம், நடுவில் இரும்பு ஏணி. ஒருநாள் காலையில் அந்த ஏணிக்கடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பழக்க தோஷம், அண்ணனைத்தான் கூப்பிட்டேன். அவன் உடனே அவசர எண்ணுக்குப் போட்டு, தாராவி, இன்ன சந்து என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் போன், தான் இருக்கும் இடம் செம்பூர் என்று அவர்களுக்குக் காட்டிவிட்டது. பேசியது அண்ணன், நம்பப்பட்டது போன்.

ஆம்புலன்ஸ் அவன் ஆபீஸ் வாசலில் போய் நின்றது. நோயாளி எங்கே என்று கேட்க டிரைவர் அண்ணனைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார். லைன் எங்கேஜ்டு. அவன் பேசிக்கொண்டிருந்தது என்னோடு. "பயப்படாத, வண்டி வந்துக்கிட்டே இருக்கு" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் சந்துக்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கைவண்டியில் வைத்து மெயின் ரோடு வரை தள்ளிப்போய் டாக்சியில் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "இன்னொரு தடவை இவ்வளவு லேட்டாச்சுன்னா தாங்காதும்மா" என்று அவர் சொன்னது என் காதை விட்டுப் போகவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் தூக்கம் வராது. ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரை மறித்து, என் ஓட்டை இந்தியில் ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் போன் இருக்கும் இடம்தான் எங்களுக்குத் தெரியும், நோயாளி பக்கத்திலிருந்து கூப்பிடுங்கள், பிறகு டிரைவர் கூப்பிட லைனைச் சும்மா விடுங்கள் என்றார். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் ஓர் ஆளைப் பறிகொடுக்க இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தபோது, இனிமேல் நானே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"ஒனக்கு இந்தி எங்கட்டி வருது? பதட்டத்துல ஒளறிட்டேன்னா?"

"ஒளறுனாலும் எம்போன் இங்கனதான கெடக்கும்ணே."

அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போட்ட டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் இறங்கி வரவில்லை.

போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்குள் நின்றால், தகரமும் மேலே இரண்டு மாடியும் மறைப்பதாலோ என்னவோ, நீலப் புள்ளியைச் சுற்றிய வட்டம் உப்பிப் பெரிதாகி எங்கள் சந்து, பக்கத்துச் சந்து இரண்டையும் விழுங்கியது. அந்த வட்டத்துக்குள் எத்தனை வீடு, எத்தனை நெஞ்சுவலி. நடந்து நடந்து பார்த்தேன். சந்து முனையில், வானம் தெரிகிற குழாயடியில் வட்டம் சுருங்கிக் கடுகாயிற்று. வண்டியும் அதுவரை வரும். ஆக, நான் நிற்க வேண்டிய இடம் அது. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் யார் உட்காருவது? எதிர்வீட்டு அக்கா, "நான் இருக்கேம்ளா, நீ ஓடு" என்று வாக்குக் கொடுத்தாள்.

தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நின்றுகொண்டே பாடம் செய்தேன். மேரே ஆத்மி கோ சாத்தி மே தர்த் ஹை. மை நல் கே பாஸ் கடி ஹூம். என் ஆளுக்கு நெஞ்சுவலி, நான் குழாயடியில் நிற்கிறேன். வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் மறுநாள் தாங்களும் முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "நான் விழுறதுக்கு முன்னாலயே ஒத்திகையா?" என்று கிண்டல் செய்தார்.

"விழாம இருங்க. எனக்கு இந்தி கத்துக்கிட்டதாவது மிஞ்சும்."

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம், மேலே மிஷின் சத்தம் பாதித் தையலில் நின்றது. ஏணியைப் பிடித்து மெல்ல இறங்கி வந்தவர், "அதேதாம்ளா" என்றார். எதிர்வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். அவர் என் முந்தானையைப் பிடித்திருந்தார். அந்த விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டு வெளியே போனதைப்போல் கொடுமையான காரியம் நான் வேறு எதுவும் செய்ததில்லை.

குழாயடியில் நின்று அவசர எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். பாடம் செய்ததைச் சொன்னேன், முன்பின்னாகத்தான் வந்தது. உங்கள் இடம் எனக்குத் தெரிகிறது, அங்கேயே நிற்பீர்களா, டிரைவர் இந்த நம்பரில் கூப்பிடுவார் என்றாள். நிற்பேன், நகர மாட்டேன் என்றேன்.

போனை வைத்த கையோடு மணி அடித்தது. அண்ணன். கோபம் ஆறியபின் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டு மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்பான். எடுத்து ஒரு வார்த்தை அழுதால் போதும் என்று இருந்தது எனக்கு. கட் செய்தேன். மறுபடி அடித்தான். மறுபடி கட் செய்தேன். அவன் போனை அதற்கு முன் ஒருநாளும் நான் கட் செய்ததில்லை. மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. நல் கே பாஸ் என்றது குரல். ஹாம், ஆமாம் என்று நான் கையை உயர்த்தியபோது வண்டி முனை திரும்பிவிட்டது.

"சரியான நேரத்துக்கு வந்துட்டேள்" என்றார் அதே டாக்டர்.

பொழுது சாயும்போது அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மாப்பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"என் போனையா கட் பண்ணுத?"

"டிரைவர் கூப்பிடணும்லாண்ணே."

அவன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கையிலிருந்த போனைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஏட்டி, அன்னைக்கு நானும் ஒன் போன கட் பண்ணிருக்கணும்."