சைலஸ் அண்ணன் வாய்தா கேட்கிறார்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைனில் சைலஸ் அண்ணனுக்கு இரண்டு தொழில். ஒன்று, சுரங்கத்துக்குள் கூரை இடிந்து விழாமல் மரத்தூண் வைத்து முட்டுக் கொடுப்பது. அதற்குச் சம்பளம் வந்தது. இன்னொன்று, எந்தத் தொழிலாளிக்காவது கம்பெனி சார்ஜ் ஷீட் கொடுத்தால் விசாரணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. அதற்கு டீ கூட நிச்சயமில்லை. ஆனாலும் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "டிஃபன்ஸ்" என்றுதான் சொல்வார். புதிதாக வந்தவர்கள் மனிதர் பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்து மரியாதை கொடுப்பார்கள். அவரும் திருத்தமாட்டார்.

விசாரணை தொடங்கியதும் முதல் வேலையாக வாய்தா கேட்பார். கிடைத்தால் இன்னொரு வாய்தா. பிறகு சாட்சியைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை ஷிப்டில் தூங்கிய ஒருவனுக்காகப் பேசினார். தூங்கினவனின் விளக்கு அணைந்திருந்தது என்று சூப்பர்வைசர் சொன்னார். அப்படியென்றால் இருட்டில் அவன் கண் மூடியிருந்தது எப்படித் தெரிந்தது என்று சைலஸ் அண்ணன் கேட்டார். குறட்டை கேட்டது என்றார் சூப்பர்வைசர். அந்தக் குறட்டை இவனுடையதுதான் என்பதற்கு என்ன அடையாளம் என்று அண்ணன் கேட்டதும் சூப்பர்வைசருக்குத் தலை சுற்றிவிட்டது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அவன் தூங்கினான் என்பது எங்கள் லைனில் கோழிகளுக்குக் கூடத் தெரியும்.

இந்தப் பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், வாலிபத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தபோது அவர் பூட்ஸ் சேற்றில் ஒரு கல் ஒட்டிக்கொண்டு வந்தது. தங்கம் ஒரு பொட்டும் இல்லாத வெறும் கல். கான்ட்ராக்டர் அதைப் பார்த்ததும் திருடன் என்று எல்லார் முன்னாலும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டான். என்ன நடந்தது என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். முட்டுக் கொடுக்க ஆள் தேவையில்லை என்று ஆனதை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். சார்ஜ் ஷீட் வாங்க ஆள் இல்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கூட வேலை செய்தவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் கட்டட வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்தார்கள். அவருக்கும் ஒன்று வந்தது. வருகிறவர் போகிறவர் பையைத் திறந்து பார்க்கிற வேலை என்று தெரிந்ததும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி ஐடாக்கா தினமும் தையல் மெஷினை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினார். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை ஏக்கத்தோடு பார்த்தார். யாராவது ஏதாவது தப்பு செய்யக் கூடாதா என்கிற பார்வை அது.

அந்த நேரத்தில்தான் எங்கள் சர்ச்சை ஒட்டிய சபை மண்டபத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெங்களூரில் வேலையாக இருக்கும் எங்கள் லைன் பையன் இன்பராஜ் தன் ஆபீஸில் கழித்துப் போட்டதை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அனுப்பிவைத்தான். டிப்ளமோ முடித்த கரோலின் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டாள். பாடம் ஒரு வாரம் நடந்தது. பிறகு யாரோ ஒரு பிளாப்பியில் விளையாட்டைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். குகை குகையாகப் போகும். ஒருவன் துப்பாக்கியோடு ஓடுவான், சுடுவான், சுடப்படுவான், அலறிக்கொண்டு சாவான், மறுபடி எழுந்திருப்பான். அவனுக்கு மூன்று உயிர்.

ஐடாக்கா எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்த கூட்டத்தில் எழுந்து, அந்த விளையாட்டை அழிக்க வேண்டும் என்றார். அண்ணனும் அது சனியன் பிடித்த விளையாட்டு என்று வீட்டில் சொல்லியிருந்தார். சபைப் பாதிரியாரான ஐயரும் தலையாட்டினார். மூன்று உயிர் என்பது நம் உபதேசத்தில் எங்கும் இல்லை என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். சைலஸ் அண்ணன் கையும் பாதி உயர்ந்துவிட்டது. அந்தக் கையோடேதான் எழுந்து நின்றார்.

"சார்ஜ் ஷீட் குடுத்தீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு, அவர்களுக்கோ அவர்கள் அப்பனுக்கோ, ஒரு நாள் விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்தது இந்த மனிதர்தான். மெஷினுக்கு எதற்கு விசாரணை என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஐயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார். சைலஸ் அண்ணன் பேசுகிற விசாரணை சீக்கிரம் முடியாது என்று ஐயருக்கு என்ன தெரியும், அவர் வெளியூர்.

விசாரணை அதிகாரியாக என்னைப் போட்டார்கள். நான் மண் வாரும் வண்டி செய்கிற தொழிற்சாலையில் இருப்பவன், சுரங்கக்காரன் இல்லை, அதனால் நடுநிலையாக இருப்பேனாம். சனிக்கிழமை மத்தியானம் விசாரணை. அந்த நேரத்துத் தூக்கம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று யாரும் கேட்கவில்லை. குற்றம் சாட்டும் பக்கத்துக்கு பர்னபாஸ் வந்தார். அவர் சுரங்க வாசலில் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வெளியே வருகிறவர்களின் மடியையும் சோற்று டப்பாவையும் தடவித் தடவி அவர் விரல்களே கொஞ்சம் வளைந்திருந்தன. டிஃபன்ஸ் யார் என்று கேட்டபோது சைலஸ் அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. தனக்குப் பிடிக்காத விளையாட்டுக்காக, தன் மனைவி கொடுத்த புகாரை எதிர்த்து, தானே கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்ததாக ஞாபகம்.

முதல் சனிக்கிழமை பர்னபாஸ் குற்றச்சாட்டைக் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றும் அதையே கேட்டார்.

"கரண்ட் இல்ல சார். என் கட்சிக்காரரு மயக்கத்துல கீறாரு. வாய்தா வேணும்" என்றார் அண்ணன்.

கொடுத்தேன். தூங்கப் போகலாமே. அடுத்த வாரம் கட்சிக்காரரோடு தனியாகப் பேச அவகாசம் வேண்டும் என்று இன்னொரு வாய்தா. அதற்கு அடுத்த வாரம், சம்பவம் நடந்த இடத்தைப் பார்வையிட வேண்டும் என்று ஒன்று. சம்பவ இடம் அந்தக் குகைதான். ஆகவே கரோலினிடம் அவர் விளையாடக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் என்னதான் செய்கிறார் என்று போய்ப் பார்த்தேன். துப்பாக்கி வைத்திருந்தவனை அவர் ஓடவே விடவில்லை. பத்தடிக்கு ஒருதரம் நிறுத்தி அண்ணாந்து கூரையைப் பார்க்கவைத்தார். அதற்குள் எதிரி வந்து சுட்டுவிடுவான். மறுபடி எழுந்து மறுபடி கூரையைப் பார்த்துச் சாவார். கரோலின், சுடுங்க அங்கிள், சுடுங்க என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய குகைக்கு ஒரு முட்டு கூட இல்லை, உள்ளே இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியாலா சாகப்போகிறார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். எதிரிகளுக்காகவும் சேர்த்துத்தான் வருத்தப்பட்டார். கொஞ்ச நாளில் சுடவும் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வாய்தாக்கள் இன்னும் அதிகமாயின. மத்தியானச் சோறு ஆறிப்போவதாக ஐடாக்கா என்னிடம் வந்து முறையிட்டார். வீட்டு விஷயத்தை விசாரணையில் இருக்கும்போது பேசக்கூடாது என்று சொல்லித் தப்பித்தேன்.

இதற்கு நடுவே பர்னபாஸ் ஒரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டரை விட பிளாப்பி கொண்டுவருகிற கைதான் குற்றவாளி, அதனால் மண்டப வாசலில் பிள்ளைகளை நிறுத்திப் பையையும் பாக்கெட்டையும் சோதனை போட்டு உள்ளே விடலாம், தானே இலவசமாக நிற்கிறேன் என்றார். பழைய வேலை திரும்பக் கிடைக்கிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அவரும் பாவம், அவரைக் கேட்கவும் ஆள் இல்லையே. கூட்டத்தில் சிலர் நல்லதுதானே, தப்பு செய்யாத பிள்ளைக்கு என்ன பயம் என்றார்கள்.

சைலஸ் அண்ணன் அன்று வாய்தா கேட்கவில்லை. எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சுரங்கத்தில் வேலை செய்த எல்லாருக்கும் அந்த நிலை தெரியும். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் நிற்கிற நிலை.

"பர்னபாஸ், நீ கிட்ட வர்றதுக்கு முன்னாடியே எங்க கை தானா மேல போவும். ஆஸ்பத்திரியில டாக்டர் வந்தாக் கூட எனக்குக் கை மேல போவுது. இந்தப் பசங்களுக்கு அந்தப் பழக்கம் வாணாம்" என்றார்.

பர்னபாஸ் கீழே பார்த்துக்கொண்டார். சோதனை கிடையாது என்று நான் அங்கேயே தீர்ப்புச் சொன்னேன்.

கடைசியில் ஐடாக்கா சாட்சி சொல்ல வந்தார். இதற்காகவே அண்ணன் தயாராகி வந்திருந்தார். சாட்சியை எங்கே நின்றாய், எப்போது பார்த்தாய் என்று கிழிக்கப்போகிறார், அதுவும் சொந்த மனைவியை, என்று லைனே வந்து உட்கார்ந்திருந்தது. ஐடாக்கா யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஷாஃப்ட்ல சைரன் ஊதினா அடுப்ப அப்பிடியே விட்டுட்டு ஓடுவோம். ஆளுங்கள ஏத்திகினு மேல வர்ற கேஜ்ல யாரு கீறாங்க, யாரு இல்லன்னு பாத்துகினு நிப்போம். இந்தப் பொட்டியில ஒரு ஆம்பள அலறிச் சாவுறான். பசங்க சிரிக்குதுங்க. எனக்கு அந்தச் சத்தம் வாணாம். வேற ஒண்ணும் இல்ல."

குறுக்கு விசாரணை உண்டா என்று கேட்டேன். சைலஸ் அண்ணன் ஐடாக்காவையே பார்த்தார். அண்ணன் மேலே வரத் தாமதமான ஷிப்டுகள் எத்தனையோ உண்டு. கேள்வி இல்லை சார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து சாட்சியைக் கேள்வி கேட்காமல் அவர் விட்டது அந்த ஒரு தடவைதான்.

விளையாடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பீலுக்கு அவகாசம் உண்டு, அதுவரை விளையாட்டை அழிக்கக் கூடாது என்று அண்ணன் பழக்கதோஷத்தில் கேட்டார். சரி என்றேன். ஆனால் அப்பீல் போட அவர் வரவே இல்லை.

இஸ்திரிச் சட்டை ஆணிக்குப் போய்விட்டது. தாடி வளர்ந்தது. வாசலில் கூட உட்காராமல் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுரங்கத்தைத் திறப்போம் என்று அரசியல் கட்சிக்காரர்கள் மைக் கட்டி வந்தபோது, வழக்கமாக முன்னால் போய் எந்தத் தேதி என்று கேட்டு அவர்களைத் திணறடிக்கிறவர், எழுந்துகூடப் பார்க்கவில்லை. நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐடாக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஐயர் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபத்திலிருந்து டமார் டமார் என்று துப்பாக்கிச் சத்தம் கேட்டது. தொடர்ந்து அந்த அலறல். ஆமென் சொல்லாமலே பாதிச் சபை ஓடியது. சன்னல் கதவெல்லாம் விரியத் திறந்து கிடந்தது. சத்தம் முழுசாக வைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் வெள்ளைப் புடவையும் மடியில் வேதாகமமுமாக ஐடாக்கா உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருந்தார். அதாவது சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

பர்னபாஸ் முதலில் போய்ச் சேர்ந்தார். ஐடாம்மா, ஐடாம்மா என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. கதவருகே நின்று கத்தினார். அப்போதும் திரும்பவில்லை. என்ன திமிர் என்று பெண்கள் சங்கத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. ஐடாக்காவின் பிடிவாதத்தால்தான் சைலஸ் அண்ணனை அன்று கோயிலுக்கு இழுத்துவந்திருந்தார்கள். தாடியோடு கடைசியாக உள்ளே வந்த அவர், நேரே போய் மனைவியின் தோளைத் தொட்டார்.

ஐடாக்கா எழுந்து, எல்லாருக்கும் தேவைக்கு மேலேயே கேட்கிற குரலில் சொன்னார்.

"நான்தான் ஆடினேன். சார்ஜ் ஷீட் குடுங்க. எனக்கு டிஃபன்ஸ் எங்க வூட்டுக்காரரு."

மடியிலிருந்து விழுந்த வேதாகமத்தை எடுக்க ஐடாக்கா குனிந்தபோது முக்காடு சரிந்தது. இரண்டு காதிலும் தலையணைப் பஞ்சு அடைத்திருந்தது. அதை நானும் பார்த்தேன். அண்ணன் சட்டென்று முந்தானையை இழுத்து அவர் தலையை மூடினார். தடயத்தை மறைப்பதில் பழைய வேகம் குறையவே இல்லை. பிறகு தாடியைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

"பர்னபாஸ், நீ எங்க நின்னுகினு பாத்த?" என்றார். பர்னபாஸ் கதவைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் முதுகுதானே தெரியும், விரல் பட்டனைத் தொட்டது எப்படித் தெரிந்தது என்று அண்ணன் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"வாய்தா வேணும் சார். கட்சிக்காரரோட தனியா பேசணும்."

அடுத்த சனிக்கிழமை என்றேன். என் தூக்கம் போனால் போகட்டும். இருவரும் லைனைப் பார்த்து நடந்தார்கள். அண்ணன் கையை ஆட்டி ஆட்டி, எந்தச் சாட்சியை எப்படி உடைக்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஐடாக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கூடவே போனார். பஞ்சை அவர் இன்னும் எடுக்கவில்லை.