ஒட்டுத் தெரியாத கலியாணப் படம்

போன கிழமை பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மொழிப் படமோ தெரியாது, கீழே தமிழில் எழுத்து ஓடியது. எட்டிப் பார்ப்பது அழகில்லைதான், ஆனால் கண் கேட்கவில்லை. பார்த்தால் எழுத்து முந்திக்கொண்டு வருகிறது. கதாநாயகி வாய் திறக்கமுன்னரே அவளுடைய பதில் கீழே வந்துவிடுகிறது. அந்த மனிதர் அதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பல்வலி மறந்து கோபம் வந்தது. பறித்துச் சரிக்கட்டிக் கொடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது. உங்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியும். இந்த எழுத்தோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் அந்த எரிச்சல் விளங்கும்.

டிவிடி ஓடிய காலத்தில் நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோடு இருந்த ஒரு வீடியோக் கடையில் வேலை. முதலாளி ரஞ்சன் அண்ணை கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாம் கமராவில் எடுத்து வருவார். வெட்டி ஒட்டி டிவிடி ஆக்குவது என் பாடு. கடைக்குள் எப்போதும் சூடேறிய கொம்பியூட்டரும் டிவிடி உறைகளும் பின்பக்க ஜெனரேற்றரின் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு மணம் இருக்கும். இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் மணம் வந்தால், "இன்னும் முடியேல்லையோ?" என்கிற ரஞ்சன் அண்ணையின் குரல்தான் எனக்குக் கேட்கும். மனுசன் வேறு ஏதாவது சொன்னதாக ஞாபகமில்லை.

அவர் ஆசையாக வாங்கிய புதுக் கமராவுக்கு ஒரு கெட்ட குணம். எடுக்க எடுக்கத் தன்பாட்டில் படத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். எடுக்கிறவருக்கு அது தெரியாது. கொம்பியூட்டரில் போட்ட பிறகுதான் கலியாணம் கூறாகிக் கிடப்பது தெரியும். சேர்த்தால், ஒட்டுகிற இடத்தில் படம் ஒருக்கால் திக்கும், அல்லது கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப வரும். ஒருமுறை அளவெட்டி மேளக் கூட்டத்தின் தவில் அப்படித் திக்கியது. வீட்டுக்காரர் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தவில்காரர் கண்டுபிடித்திருப்பார், நல்லகாலம் அவருக்கு நாங்கள் கொப்பி கொடுப்பதில்லை.

நீர்வேலிக் கலியாணத்தில் அப்படித் தப்ப முடியவில்லை. பொம்பிளையின் பெயர் சுகந்தி. அவளுடைய தாயாரை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். சுகந்திக்கு ஒரேயொரு அண்ணன், குமரன் அண்ணை, பாரிசில் இருந்தார். பள்ளிக்கூட வயதில் பக்கத்தில் ஷெல் விழுந்து இரண்டு காதும் போனவர். வாயால் கதைப்பார், ஆனால் ஒன்றும் கேட்காது. விசா வழக்கு இழுபட்டதால் தங்கச்சியின் கலியாணத்துக்கு வர முடியவில்லை. அவருக்காகத்தான் யார் என்ன கதைத்தாலும் கீழே எழுத்துப் போடச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா பாரிசுக்குத் திரும்புகிறார், அவர் கையில் டிவிடியைக் கொடுத்துவிட வேண்டும்.

"அவன் பக்கத்திலை நிண்டு பாத்த மாதிரி இருக்கோணும் தம்பி," என்றார் அன்ரி.

சொல்வது சுகம். எங்கள் கொம்பியூட்டருக்குத் தமிழைக் கண்ணில் காட்டக்கூடாது. தட்டியதெல்லாம் வெறும் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு வரியையும் ஒரு படமாக மாற்றி, எப்போது வந்து எப்போது போக வேண்டும் என்று நேரம் குறித்து ஏற்ற வேண்டும். கலியாண வீட்டில் எங்கள் ஆட்கள் எவ்வளவு கதைக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. பாதிக் கதை சாப்பாட்டைப் பற்றியது.

ஒருவழியாக முடித்து அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் துண்டு முறிந்திருந்தது. மாப்பிள்ளையின் கை தாலியோடு கழுத்துக்குப் போனது, பின்வாங்கியது, திரும்பவும் போனது. கண் சிமிட்டினால் தெரியாது. அன்ரி சிமிட்டவில்லை.

"தம்பி, தாலி ரண்டுதரம் ஏறுது."

"அது ஒட்டு அன்ரி. கமராவின்ரை பிழை."

"ஒட்டோ என்னவோ, என்ரை பிள்ளைக்கு ஒருதரம் ஏறினால் காணும். உதைச் சரியாக்கித் தாரும்."

ஒட்டில் கொஞ்சம் நறுக்கினேன். தாலி ஒருதரம் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எழுத்தெல்லாம் பிந்தத் தொடங்கியது. போதாததற்கு, காணிப் பிரச்சினையில் கோபமாக இருந்த ஒரு சித்தப்பாவையும் அன்ரி வெட்டச் சொன்னார். வெட்ட வெட்ட எழுத்து இன்னும் பிந்தியது. மாமா உருக்கமாக வாழ்த்துச் சொல்ல, கீழே "தள்ளி நில்லுங்கோ, கமராவை மறைக்குது" என்று வந்தது. காது கேட்கிறவன் என்றால் சிரித்துவிட்டுப் போவான். குமரன் அண்ணை மாமா அப்படித்தான் சொன்னார் என்று நம்பிவிடுவாரே! தலையில் அடித்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுவதையும் திரும்பக் குறித்தேன். டிவிடி எழுதி முடிகிற தறுவாயில் கரண்ட் போனது. ஜெனரேற்றரை உதைக்கலாமா, கமராவை உதைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தநாள் பின்னேரம் பெரியம்மாவுக்குக் கொழும்பு பஸ். காலையிலேயே அன்ரி வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். முதலிலிருந்து ஓடவிட்டேன். எங்கள் கலியாணங்களில் பொம்பிளையின் சகோதரன்தான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, மாப்பிள்ளை போடுகிற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவருவான். அன்றைக்குக் குமரன் அண்ணையின் இடத்தில் பெரியப்பாவின் மகன் நின்று காலைக் கழுவினான். கமரா அன்ரியின் முகத்துக்குப் போனது. பக்கத்தில் நின்றவரிடம் அன்ரி, "என்ரை பிள்ளை கழுவவேண்டிய கால். அவன் அங்கை தனிய என்னத்தைச் சாப்பிட்டானோ," என்றார். அப்படியே கீழே எழுதியிருந்தேன்.

"இதை எடும் தம்பி. அவன் வாசிச்சால் உடைஞ்சு போவான்."

"எடுக்கேலாது அன்ரி. வாய் அசையுது, கீழை ஒண்டும் இல்லாட்டி அவர் என்னெண்டு நினைப்பார்?"

அன்ரி கொஞ்சம் யோசித்தார். "அப்ப, 'செம்பிலை தண்ணி காணுமோ' எண்டு கேட்டனான் எண்டு போடும்."

எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. ஒரு சொல் இடம் மாறக்கூடாது என்று உயிரை விட்டுச் செய்த வேலையில் இப்போது பொய் எழுதவேண்டும். சண்டை பிடித்துப் பார்த்தேன். அன்ரி அசையவில்லை. செம்பிலை தண்ணி காணுமோ என்று எழுதி, டிவிடி அடித்து, சூடாறமுன்னரே கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கடைக் கொம்பியூட்டரில் வீடியோவில் மகனோடு கதைக்க அன்ரி வந்தார். குமரன் அண்ணையின் முகம் திரையில் வந்தது. தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவர் கத்தித்தான் கதைப்பார்.

"படம் நல்லாய் இருக்கு. ஒட்டே தெரியேல்லை."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனால் அம்மா, கால் கழுவேக்கை நீங்கள் செம்பைப் பற்றிக் கதைக்கேல்லை."

அன்ரி சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாயை மூடாதேங்கோ அம்மா. அதைப் பாக்கத்தானே திருப்பித் திருப்பிப் போடுறன்."

காது போன பிறகு வருசக்கணக்காகத் தாயின் வாயைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. முன்னால் நின்றால்தான் விளங்கும், படத்தில் எப்படி விளங்கும் என்று அன்ரி நினைத்துவிட்டார். அன்ரியின் பேச்சுக்கு நான் எழுதிய ஒரு வரிகூட அவருக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. பட்ட பாடெல்லாம் வீண் என்ற கோபமும், விசா கொடுக்காதவர்கள் மேல் கோபமும், அழுகையும் சேர்ந்து வர, ஜெனரேற்றரைப் பார்க்கிற சாட்டில் பின்பக்கம் போய்விட்டேன். பிறகு ஞாயிறுதோறும் அன்ரி வருவார். நாங்கள் கேட்டுவிடக்கூடாது என்று சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஊர்க்கதை முழுவதும் சொல்லுவார். பாரிசிலிருந்து சிரிப்பு மட்டும் கடை முழுக்கக் கேட்கும்.

கடை இப்போது இல்லை. ரஞ்சன் அண்ணை கனடாவில் மகளோடு இருக்கிறார். டிவிடி போடுகிற பெட்டி யார் வீட்டிலும் இல்லை. ஆளாளுக்குக் கைபேசி இருக்கிறது, அதுவே எடுக்கிறது, அதுவே ஒட்டுகிறது, எழுத்தையும் அதுவே போடுகிறது, பிழை பிழையாக.

போன வருசம் அன்ரி மோசம் போனார். குமரன் அண்ணைக்கு விசா எப்போதோ கிடைத்துவிட்டது, அவசரத்துக்கு விமானத்தில்தான் இடம் கிடைக்கவில்லை. கைபேசியைப் பிடித்துச் செத்தவீட்டைப் பாரிசுக்குக் காட்டியது நான். தேவாரம் படித்தார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், யார் யாரோ வந்து என்னென்னவோ சொன்னார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"அம்மாவின்ரை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோம்," என்றார்.

கொண்டுபோனேன். வாய் திறந்துகொள்ளாதபடி நாடியைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள்.