தொட்டிக்காரரின் சட்டை நாற்றம்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் கூமுட்டை. மரியாதைக்காகப் பெயருக்குப் பின்னால் ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். கூமுட்டை அண்ணன் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். காட்டுவானேன், மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்.

வேலை அப்படி. தாமிரச் சுரங்கத்திலிருந்து ஊறி வரும் தண்ணீர் வெறும் அமிலம். இரும்பு வாளியை ஒரே மாதத்தில் தின்றுவிடும். அதை அப்படியே ஓடையில் விட்டதில் பேருக்குக்கூட ஒரு மீன் மிஞ்சவில்லை. பிறகுதான் காற்றுப் புகாத பெரிய தொட்டி கட்டி, அதில் கிருமிகளை வளர்த்தார்கள். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு அவற்றுக்குத் தீனி. அதைத் தின்றுவிட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் கந்தக உப்பை அவை அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவாக மாற்றும். அந்த வாயுவை அடுத்த தொட்டிக்குள் செலுத்தினால், சுரங்கத் தண்ணீரில் இருக்கும் தாமிரம் கறுப்புச் சேறாக அடியில் படியும். சேறு உருக்காலைக்குப் போகும், தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். நாற்றம் மட்டும் நம் அண்ணன் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

பன்னிரண்டு வருடத்தில் அவர் மூக்கு செத்தே போனது. வேலையிடத்தில் வாயு மிஞ்சினால், நெஞ்சில் மாட்டியிருக்கும் கருவிதான் கத்தும்.

வீட்டில் கத்துவதற்கு மனைவி இருந்தாள். ஆனால் அவள் ஒரு நாளும் கத்தவில்லை. அந்த வேலைக்கு அவரை அனுப்பியவளே அவள்தானே! அவளுடைய அண்ணன் சுரங்கத்துக்குள் இறங்கியவன், உயிரோடு மேலே வரவில்லை. அன்றிலிருந்து, கணவர் உள்ளே இறங்கும் ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தொட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஒற்றைக் காலில் நின்று அவரை மாற்றல் வாங்க வைத்தாள்.

"நாறினா நாறட்டும். அந்த நாத்தம் வந்துட்டா நீங்க உசுரோட வந்துட்டீங்கன்னு அர்த்தம். எனக்கு அது போதும்" என்பாள்.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் நாற்றம் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுப்பில் டீ ஏறியிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ரெண்டு நாளா உங்க வீட்டுப் பக்கம் நாத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கே?"

"வேற என்ன, எங்க வீட்டு மகராசன்தான்! சட்டைய ஊறப் போட்டிருக்கேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவரும்தான், பாவி மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். சிலிண்டர் டியூபில் விரிசல் விட்டிருந்தது. கசிந்தால் தெரியட்டும் என்று சமையல் வாயுவில் சேர்க்கும் நாற்றமும் ஏறக்குறைய அதே அழுகல்தான். வேறு எந்த வீடாக இருந்தாலும் அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள்.

மறுநாள் பேய்மழை. சுரங்கத் தண்ணீர் மடை உடைந்த மாதிரி தொட்டிக்குள் பாய்ந்தது. அமிலம் ஏறினால் கிருமிகள் கூண்டோடு காலி. மறுபடி வளர்க்க நாலு மாதமாகும். அதுவரை ஓடைக்கு விஷம்தான். ஐந்து மணிக்கு வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. சுரங்கத் தண்ணீர் வரும் வழியை அடைத்து, தெளிந்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, பாகை ஊற்றி, மீட்டர் முள் சரியாகும்வரை அசையாமல் நின்றார். ஒரு வழியாகச் சரியானது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரியின் போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடாமல் விட்டிருந்தது மனைவியின் முகத்தில் பாதியை மட்டும்தான்.

"எப்பங்க வந்தீங்க?"

"இப்பதான்."

"சாயங்காலமே வந்துட்டீங்கன்னு நெனச்சேன். நாத்தம் வந்துச்சு. மழையில நனஞ்சு வந்திருப்பீங்களேன்னு டீ வைக்கப் போனேன்."

குறையாகச் சொல்லவில்லை, அவர் வந்துவிட்ட நிம்மதியில் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த இன்ஜினியர், "தொட்டி பொழச்சிருச்சுண்ணே, நீங்க மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்துவிட்டு, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாளாப்பா?"

"டீ வைக்கப் போனேன்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கரி பிடித்த சமையலறையில், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த அடுப்பும் சிலிண்டரும் இருந்தன. "நான் வைக்கிறேன்ப்பா" என்று லைட்டரை எடுத்தாள்.

"இரும்மா!" என்று பதறி எழுந்தார். "நல்லா மோந்து பாரு. ஏதாவது நாறுதா?"

அவள் மோந்து பார்த்தாள். "உங்க சட்டை நாத்தம்தான்ப்பா."

மாற்றுத் துணியெல்லாம் எரிந்துபோனதில், அவர் உடம்பில் இருந்தது வேலைச் சட்டைதான். அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி, தெருமுனைவரை நடந்தார். வெற்றுடம்போடு அங்கே நின்றுகொண்டு கத்தினார்:

"இப்ப நாறுதாம்மா?"