அனுபவ பாத்தியம்

டெய்லரக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். ஒரு தடவை அளவெடுத்தால் போதும், சட்டை கச்சிதமாக வந்து உட்காரும். அளவெடுத்து முடிப்பதற்குள் அந்த ஆளின் வீட்டு வம்பையும் கறந்துவிடுவாள். சந்தைக்குப் பின்னால், அப்பா விட்டுப்போன காலிமனையில் தகரக் கூரை போட்டு ஒரு கடை. அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. புருஷன் என்று ஒருவன் இருந்தான், போய்விட்டான். அதைப் பற்றி அவளே பேசுவதில்லை, நமக்கென்ன வந்தது.

லாரி ஓட்டும் அவள் அண்ணன் அந்த மனைக்குத்தான் வழக்குப் போட்டிருந்தார்.

"அப்பா எனக்குன்னுதான் வாயால சொன்னாரு" என்பது அண்ணன் கட்சி. "எனக்கும் அதையேதான் சொன்னாரு" என்பது தங்கை கட்சி. இரண்டுமே நிஜம். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத மனுஷன், எதையும் எழுதி வைக்காமல் இருவருக்கும் நல்லவராகவே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தோற்றால் அவள் கடையைப் பிரித்தாக வேண்டும். வாய்தா மேல் வாய்தாவாக இழுத்து, ஒருவழியாக அண்ணன் கூண்டில் ஏறினார். தங்கையின் வக்கீல் எழுந்தார்.

"இந்த மனை யாரோட அனுபவத்துல இருக்கு? உங்க அனுபவத்துலயா, தங்கச்சி அனுபவத்துலயா?"

"எனக்கு ஏதுங்க அனுபவம்? ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. அனுபவமெல்லாம் அவளுக்குத்தான்" என்றார் அண்ணன், வெகு நேர்மையாக.

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கோர்ட்டு பாஷையில் அனுபவம் என்றால், இடத்தைக் கையில் வைத்து ஆள்வது. டெய்லரக்காவே முதலில் தொழில் அனுபவம் என்றுதான் நினைத்திருந்தாள், அவளுடைய வக்கீல்தான் விளக்கிச் சொன்னார். இப்போது சும்மா இருந்தால் கடை தப்பிக்கும். வக்கீலும் கண்ணாலேயே அதட்டினார். சும்மா இருக்கிற வாயா அது?

"ஐயா, அவருக்கு வெளங்கல. தையல் வேலையக் கேக்கறாங்கன்னு நெனச்சுட்டாரு. இப்படி ஜெயிச்சா எனக்குத் தூக்கம் வராதுங்க."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த இடத்தை வைத்துப் புழங்குவது யார் என்பதுதான் கேள்வி என்று அண்ணனுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தங்கையைப் பார்த்தார். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவள் முகத்தை அவர் நேராகப் பார்த்ததே இல்லை.

"அப்படிக் கேட்டாலும் அவதாங்கய்யா. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. அது அவ இடம். அவளே வச்சுக்கட்டும்."

டெய்லரக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு வார்த்தையை வீட்டுக்கு வந்து சொல்வதற்கு என்ன கேடு இந்த மனுஷனுக்கு?