படுக்க வைத்த விஸ்கிப் போத்தல்

எழுபத்து நான்கு வயதில் நான் விஸ்கி ருசி பார்க்கப் போனது என் கணவரின் பெயருக்காக. அவர் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டவர். ஒன்பது வருடங்களுக்கு முன், அவருடைய தங்கை றீற்றாவின் மகனுக்குத் நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் கல்யாணம். என் தம்பி லண்டனிலிருந்து கொண்டுவந்த ஹைலண்ட் சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். ஏழு வருடம் என் பட்டுச்சீலையில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்த போத்தல். மண்டபத்தில் பரிசுப் பெட்டியைத் திறந்தால் கால்வாசி இல்லை.

"அண்ணை வழியில ருசி பாத்திட்டார் போல!" என்றாள் றீற்றா. மண்டபமே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று மேசை மேசையாக இன்றும் சொல்வேன். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். கல்யாண நாளிலிருந்து அவளோடு நான் கதைப்பதில்லை.

மூடிய போத்தலில் விஸ்கி எப்படிக் குறையும்? விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்றேன். பேத்தி அனித்தா விஸ்கி ருசி பார்க்கும் வகுப்பு ஒன்றுக்குப் பதிவு செய்தாள். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, ஆளுக்கு 650 குரோனர், ஐந்து கிளாஸ். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டில் இரண்டே காலுக்கு ரயில் ஏறினோம். நகர மத்திக்கு இருபது நிமிடம், பிறகு எட்டு நிமிட நடை. நிலக்கீழ் அறை, படி செங்குத்து. முழங்கால் நோ உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

நடத்தியவர் தலை நரைத்த நோர்வே மனுசி. வாற்கோதுமையை ஊறவிட்டு, முளைக்க வைத்து, காயவைத்து, செப்புக் கலத்தில் இரண்டு முறை வடிப்பதாம். முன்பு ஸ்கொட்லாந்து மலைகளில் வரிக்காரனுக்கு ஒளித்துத்தான் காய்ச்சினார்களாம். "எங்கட கசிப்பு மாதிரித்தான், அனுமதி எடுத்தாப்பிறகு விலை கூடிட்டுது," என்றேன். அனித்தா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

முதலில் மணக்க வேண்டும். மூன்றாவது கிளாஸில் தேனும் முந்திரிகைப்பழ வற்றலும் மணந்தன. எங்கள் கிறிஸ்மஸ் கேக்கேதான். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்கில் வைத்தேன். முதலில் எரிவு, பிறகு இனிப்பு.

அப்போது என் கேள்வியைக் கேட்டேன். "போத்தலை எப்படி வைத்திருந்தீர்கள்?" என்றார் அவர்.

படுக்க வைத்திருந்தேன். நான் துப்புரவு வேலை செய்த வீட்டில் வைனை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். வைனைப் படுக்க வைக்கலாமாம். விஸ்கியை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமாம். காரம் தக்கையைத் தின்றுவிடும், பிறகு கசியும்.

எனக்கு அந்தச் சீலை ஞாபகம் வந்தது. முந்தானையில் கைப்பிடி அகலத்துக்குப் பழுப்புக் கறை. எங்கள் வீட்டில் தங்கியபோது றீற்றா தேத்தண்ணி ஊற்றிவிட்டாள் என்று ஒஸ்லோ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மிச்ச இரண்டு கிளாஸையும் நான் தொடவில்லை.

"அம்மம்மா, றீற்றா மாமிக்குப் போன் எடுக்கட்டா?" என்றாள் அனித்தா, வெளியே வந்ததும்.

"எடு."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவளுடைய குரல். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என்ர தேத்தண்ணி?"

"அதுவும் போத்தல்தான், மச்சாள். பிழை என்ரை. ஆனா நீ உன்ர அண்ணையைச் சபையில வைச்சுச் சொன்னனீ. சபையிலதான் அது பிழையெண்டு சொல்ல வேணும்."

"ஓம். மே மாசம் என்ர பேத்திக்குக் கோயில்ல முதல் நன்மை. எல்லாரும் வருவினம். வாங்கோ, சொல்லுறன். நீங்களும் சீலைக் கதையைச் சொல்ல வேணும்."

"சொல்லுறன்."

போக நினைப்பவர்களுக்கு: வெறும் வயிற்றோடு போகாதீர்கள். போத்தல் வாங்குவதென்றால் முதலே வாங்குங்கள். சனிக்கிழமை அரசு மதுக்கடை நேரத்தோடு பூட்டிவிடும். நான் திங்கட்கிழமை போய் அந்த மூன்றாவது கிளாஸின் விஸ்கியில் ஒன்று வாங்கினேன். துரொண்ட்ஹெய்முக்கு ரயிலில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். போத்தலை மடியில் நிமிர்த்தி வைத்தே கொண்டுபோவேன்.